லாரி டயர்ச் செருப்பும் குணமணியின் காலும்

3 நவம்பர் 1943, புதன்

இது 1941-ம் வருஷத்து டைரி. அந்த வருஷம் ஜனவரியில் சில பக்கம் எழுதிவிட்டு விட்டுவிட்டேன். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததிலிருந்து எழுதத் தாள் கிடைப்பதில்லை. என் சோம்பேறித்தனம் எனக்கே உபகாரமாகிவிட்டது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

மகள் குணமணியின் கான்வாஸ் சப்பாத்து இன்று ஆயுளை முடித்துக்கொண்டது. கால் வளர வளர, விரல் வெளியே வர முன்பக்கத்தை நானே வெட்டிவிட்டிருந்தேன். இன்று தேக்கா மார்க்கெட் எதிரில் அடிப்பாகம் கழன்று ரோட்டிலேயே நின்றுவிட்டதாம். இவள் மட்டும் நாலடி முன்னால் போய்விட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பதின்மூன்று வயது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெர்பாவ் ரோட்டில் பூரணத்தம்மா நாட்டியம் சொல்லித்தரும் அறைக்கு இங்கிருந்து ஒன்றரை மைல். வழியெல்லாம் கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த தகரம். கீழ்வீட்டுக் காதர் மைதீன் பாயின் சம்சாரம் நூருன்னிசா ஆணி மிதித்து மூன்று மாதமாகிறது. புண் மூடவில்லை, பெரிதாகிக்கொண்டு போகிறது. மருந்துப் பொடி எங்கேயும் இல்லை. அந்தக் காலைப் பார்த்தவன் தன் பிள்ளையை வெறுங்காலோடு அனுப்ப மாட்டான்.

6 நவம்பர், சனி

கட்டைச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். மாடிப்படியில் நாலு படி சறுக்கிக்கொண்டே இறங்கினாள். என் சம்சாரம் வள்ளிநாயகி கீழே நின்று பார்த்தாள். செருப்பை வாங்கி அடுப்பில் வைத்தாள். மரவள்ளிக்கிழங்கு நன்றாக வெந்திருந்தது.

9 நவம்பர், செவ்வாய்

காதர் மைதீன் பாய் சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்கிறவர். பாதி லாரி டயர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கினார். “செருப்பு வெட்டுங்கண்ணே. ஜப்பான்காரன் போனாலும் இது போகாது” என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை.

ஆறாவது வரை படித்தவன், பன்னிரண்டு வருஷம் பஸ் கம்பெனி ஸ்டோரில் டயர் எண்ணியவன், ஒரு டயரை வெட்ட முடியாதா?

11 நவம்பர், வியாழன்

முடியவில்லை. கட்டைவிரலில் அரை அங்குலம் வெட்டு. என்னுடையதில்.

14 நவம்பர், ஞாயிறு

முடித்துவிட்டேன்! குணமணிக்கு இரண்டு நாள் காய்ச்சல் விட்டு மத்தியானம் அசந்து தூங்கியபோது, உள்ளங்காலில் பழுப்புத் தாளை ஒட்டிப் பிடித்து பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டேன். எழுந்ததும் பார்த்து அதிசயப்பட வேண்டும் என்று ஆசை. டயரை வெட்டி, மூன்று துளை போட்டு, சைக்கிள் டியூப்பை வாராகக் கோத்து அடியில் முடிச்சுப் போட்டேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் போகும் ஜாதி.

போட்டு நடந்து பார்த்தாள். “அப்பா, கால்ல லாரி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு” என்றாள். இருந்தாலும் கழற்றவில்லை. சாயங்காலம் மழை நின்றதும் சந்து முழுக்கச் சேற்றில் டயர்த் தடம், ஜாண் நீளத்தில். பாய் கடையிலிருந்து வந்து, “யார் வீட்டுக்குண்ணே குட்டி லாரி வந்துச்சு?” என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வள்ளிநாயகிதான், தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், காலில் இருக்கட்டும் என்றாள்.

28 நவம்பர், ஞாயிறு

பூரணத்தம்மா என்னை அழைத்துவரச் சொன்னதாகக் குணமணி சொன்னாள். முகம் சரியில்லை. போனேன்.

அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவரில்லை. குணமணியைத் தட்டடவு போடச் சொன்னார். கமலா என்று இன்னொரு பெண், அவளையும் போடச் சொன்னார். கமலா கால் வைத்தால் பலகையில் அறைந்த மாதிரி ஒரே சத்தம். குணமணி வைத்தால் இரண்டு சத்தம்: முதலில் விரல், பிறகு மிச்சம். எனக்கே கேட்டது, என் காதுக்கே.

“பாத்தீங்களா அந்த விரலை? கோழி கொப்பைப் புடிச்ச மாதிரி. செருப்பு நழுவாம இருக்க நாள் பூரா கவ்விக்கிட்டே நடக்குறா. ஆடுறப்பவும் விட மாட்டேங்குது. கெண்டைக்கால் இறுகி, முழங்காலை மடிச்சு அரைமண்டி உக்கார மாட்டேங்குறா.”

தைப்பொங்கலை ஒட்டி இந்திய சுதந்திரச் சங்கத்தார் நடத்தும் நிகழ்ச்சியில் குணமணி தனியாக ஆடுவதாக இருந்தது. நாலு வருஷமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் அந்த ஒன்றரை மைலை நடக்கிறாள். மார்கழி பாதிக்குள் கால் சரியாகாவிட்டால் கமலாதான் ஆடுவாள் என்று அம்மாள் சொல்லிவிட்டார். அந்தச் செருப்போடு வாசல்படி ஏறக்கூடாது என்றும்.

வீடு வரை குணமணி எனக்கு முன்னாலேயே நடந்தாள். டப், டப் என்று என் செருப்பு மட்டும் பேசிக்கொண்டு வந்தது. நான் செய்த செருப்பு.

29 நவம்பர், திங்கள்

வள்ளிநாயகி கொதித்துப்போனாள். “நூருன்னிசா காலைப் பாத்துட்டு வந்து பேசச் சொல்லுங்க அந்தம்மாவை. ஆடாட்டி போகட்டும், கால் இருந்தா போதும்.” சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இருவரும் சொல்வது சரி. அதுதான் தொல்லை. ஒருத்தி தப்பாகச் சொன்னால் இன்னொருத்தி பக்கம் சாய்ந்துவிடலாம்.

2 டிசம்பர், வியாழன்

இப்போது நான் மனிதர் முகத்தைப் பார்ப்பதில்லை. சிராங்கூன் ரோடு முழுக்கக் கால்தான். செருப்புப் போட்டவர் யார், விரலைக் கவ்வுகிறவர் யார், குதிகாலை இழுக்கிறவர் யார் — பைத்தியம்தான்.

இன்று பாலத்தடியில் காவல் நிற்கும் ஜப்பான் சென்ட்ரிக்குக் குனிந்து வணங்கினேன். அவன் பக்கத்தில் வேலை முடிந்த சோல்ஜர் ஒருவன் வைக்கோல் செருப்பில் நின்றிருந்தான். அதுவும் விரல் நடுவில் வார் போகும் ஜாதிதான். வார் தொளதொள என்று இருக்கிறது, குதிகால் ஒரு விரல் அளவு பின்னால் தொங்குகிறது, அவன் கவ்வவே இல்லை! இவர்கள் ஊரில் பிறந்ததிலிருந்து இதைத்தானே போடுகிறார்கள், அங்கே ஆடுகிறவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? இந்த யோசனையில் நிமிர மறந்துவிட்டேன். சென்ட்ரிக்குச் சந்தேகம் வந்து கன்னத்தில் ஒன்று வைத்தான். வணங்காததற்கு அறை வாங்கினவர்கள், சிங்கப்பூருக்கு இவர்கள் பெயர் மாற்றிய இந்தச் சியோனானில் ஆயிரம் பேர். அதிகமாக வணங்கி வாங்கினவன் நான் ஒருவன்தான்.

வீட்டில் சொல்லவில்லை. கன்னம் சொல்லிவிட்டது.

6 டிசம்பர், திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. குணமணி நாலைந்து நாளாகச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்திருக்கிறாள். வீட்டு முனை வரைதான் அது காலில், அப்புறம் பையில். எனக்காக வீட்டிலும் பூரணத்தம்மாவுக்காக ரோட்டிலும் — பாவி, இரண்டு பேரையும் ஏமாற்றி யாரைக் காப்பாற்றினாய்?

கண்ணாடி. இடது குதிகால். நொண்டிக்கொண்டு வந்து, ஒன்றுமில்லை என்றாள். பாவாடை ஓரத்தில் ரத்தம். நான் கத்திவிட்டேன். என்னடி நெனச்சுக்கிட்டே, அந்தக் காலைப் பாத்தியா இல்லையா, கீழ போய் பாரு, பாத்துட்டு வா-ன்னு. கீழே நூருன்னிசாவுக்குக் கேட்டிருக்கும். எதற்கு அப்படிக் கத்தினேன்?

8 டிசம்பர்

உப்புநீர். வேப்பெண்ணெய். ஓரம் சிவந்திருக்கிறது.

9 டிசம்பர்

சிவப்பு நேற்று அளவில்தான். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், தாண்டுகிறதா என்று பார்க்க. மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கிறேன். தூங்க விடுங்கள் என்கிறாள்.

10 டிசம்பர்

நூருன்னிசா பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து உட்கார்ந்து பார்த்தார். அந்தக் காலோடு பதினெட்டுப் படி. “இது ஆறிடும்ண்ணே. என்னுது மூணாம் நாளே நாறிடுச்சு. இதுல வாடை இல்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் ஐந்து நாளைக்குப் பிறகு சாப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

13 டிசம்பர், திங்கள்

புண் மூடிவிட்டது. கோடு தாண்டவில்லை.

இன்று ஒரு விஷயம். குணமணி குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து, கால் தாங்குகிறதா பார்க்க அரைமண்டியில் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரையில் காலடி பதிந்தது. பக்கத்தில் அந்தப் பழுப்புத் தாள் அளவு கிடந்தது. சும்மா எடுத்து ஈரத் தடத்தின் மேல் வைத்தேன். சுண்டுவிரல் முழுசாக வெளியே. பெருவிரல் பக்கம் அரை விரற்கடை வெளியே.

“இது என் கால் இல்லையே” என்றாள்.

“உன்னுதுதான். நீ தூங்குறப்ப அளந்தேன்.”

“படுத்திருக்கறப்பவா? அப்பா, கால் நின்னாதாம்ப்பா விரியும்.”

பூரணத்தம்மாவிடம் முதல் பாடமே விரலை விரித்து நிற்பதுதானாம். தூங்குகிற காலுக்குச் செருப்பு வெட்டி ஆடுகிற காலில் மாட்டியிருக்கிறேன். இடம் போதாமல் விரல்கள் மடங்கிக்கொண்டு வாரைக் கவ்வியிருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம், ஓர் அறை, பிள்ளையின் ரத்தம்.

15 டிசம்பர், புதன்

பாய் இந்தத் தடவை கார் டயர் கொடுத்தார், தேய்ந்தது. வளைகிறது. குணமணியை அரைமண்டியில் நிற்க வைத்துக் கோடு போட்டேன். கவ்வாமலே நிற்கட்டும் என்று டியூப்பில் இன்னொரு வார் வெட்டிக் குதிகாலைச் சுற்றிப் பின்னால் கட்டினேன். கடையில் எந்தச் செருப்புக்கும் இப்படி இல்லை. அழகாகவும் இல்லை.

17 டிசம்பர், வெள்ளி

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானே பூரணத்தம்மாவிடம் போனேன், வாசல்படி ஏறாமல் வெளியே நின்றேன். நான் செய்த தப்பைச் சொன்னேன். அம்மாள் செருப்பை வளைத்தார், வாரை இழுத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

“நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ஆடுற காலுக்குச் செருப்பு கெட்டதுதான். இது கொஞ்சம் கம்மியா கெட்டது. ரோட்டுக்கு மட்டும். வீட்டுக்குள்ள கழட்டிடணும். தினம் நூறு புளியங்கொட்டையைக் கால் விரலால பொறுக்கச் சொல்லுங்க, புடிச்சு, விரிச்சு, விடணும். அப்புறம் பாக்கலாம்.”

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே புரட்டிக்கொண்டு வந்தேன்.

24 டிசம்பர், வெள்ளி

சாப்பாட்டுக்குப் பிறகு வீடே புளியங்கொட்டை பொறுக்குகிறது. குணமணி நூறு. வள்ளிநாயகி, விளையாட்டுக்கு என்று சொல்லிக்கொண்டு, நாற்பது. நான் மூன்று, மூன்றாவதில் தசை பிடித்துக்கொண்டு பாயில் உருண்டேன். சத்தம் கேட்டுக் கீழிருந்து காதர் மைதீன் பாய் ஓடி வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்து முயற்சி செய்தார். ஏழு.

2 ஜனவரி 1944, ஞாயிறு

டைரி முதல் பக்கங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தேதியில் 1941-ல் எழுதியிருக்கிறேன்: ‘குணமணிக்கு வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. ஒரு அளவு பெரிதாக.’ அதன் அடியிலேயே எழுதுகிறேன்.

ஒற்றைச் சத்தம். இன்று படிக்கட்டில் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். பத்துத் தட்டில் எட்டு. அம்மாள் இன்னும் பெயர் சொல்லவில்லை.

9 ஜனவரி, ஞாயிறு

குணமணிதான்.

17 ஜனவரி, திங்கள்

நேற்று ஆடினாள். கொட்டகை நிறைய ஜனம். எல்லாரும் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷத்தில் ஒரே ஒரு இடத்தில் இரண்டாகக் கேட்டது. எனக்கும் பூரணத்தம்மாவுக்கும் மட்டும் கேட்டிருக்கும். அவர் உடனே திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் இருவருமே கேட்காதது போல் இருந்துவிட்டோம்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். வாசலில் அத்தனை செருப்பு கிடக்க, குணமணியுடையது மட்டும் போயிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர். எனக்கோ, வெளியே சொல்ல முடியாத சந்தோஷம். நான் இதுவரை செய்த பொருளில் ஒருவன் திருடத் தகுந்ததாக நினைத்தது இது ஒன்றுதான். என் செருப்பைப் போட்டுக்கொள் என்றேன். பெரிது, கவ்வணும்ப்பா என்று மறுத்துவிட்டாள். கடைசியில் அவளுக்கு முன்னால் நான் குனிந்தபடியே கண்ணாடி பொறுக்கிக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை யாரும் அறையவில்லை.

22 ஜனவரி, சனி

புதிய ஜோடிக்கு அளவு எடுத்தேன். நிற்க வைத்துத்தான். டிசம்பர்க் கோட்டுக்கு வெளியே ஒரு நெல் அகலம் போகிறது. கிழங்கைத் தின்றுகொண்டு வளர எங்கே தெம்பு வந்தது இந்தக் காலுக்கு?

25 ஜனவரி, செவ்வாய்

குணமணி வகுப்பிலிருந்து மடித்த பழுப்புத் தாள் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்தால் ஒரு ஜோடிக் கால். குணமணியுடையதல்ல, கமலாவுடையதுமல்ல. பெரிய கால், விசிறி மாதிரி விரிந்த விரல், இடது சுண்டுவிரல் வளைந்தது. பெயர் இல்லை.

யார் கொடுத்தது என்று கேட்டேன்.

“பூரணத்தம்மாதான். ‘நின்னுதான் வரைஞ்சேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு’ன்னாங்க.”

பாயிடம் கார் டயர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.