திரும்ப வாங்காத பிள்ளை

கண்டி
18.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நடுச்சாமத்தில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் படுத்த பிறகுதான் மேசை எனக்குக் கிடைக்கிறது. எழுத்துக் கோணினால் அது நித்திரையின் வேலை.

வீடியோவில் என்னைக் கண்டால் ஆரணி அழுது சாப்பிடாமல் கிடக்கிறாள், இனிக் கடிதம் போடு என்று சொன்னீர்கள். சரி. இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவள் இந்தக் கம்பசிலேயே நான் ஒருத்திதான். தபால் கந்தோரில் இருக்கிறவர் ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துச் சிரிக்கிறார்.

அங்கே போய் என்னதான் படிக்கிறாள் என்று அத்தான் கேட்டாராம். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் வெளியில் இருந்து ஆளுக்குள்ளே போகும். இங்கே மறுவளம். கதிர் வீசுகிற மருந்தை ஊசியால் ஏற்றுகிறோம். அது எலும்புக்கோ சிறுநீரகத்துக்கோ போய் இருந்துகொண்டு உள்ளேயிருந்து வீசும். காமா கமெரா அதைப் பிடித்துப் படமாக்கும். எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைக் காட்டும். இது அந்த எலும்பு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும். முதல் நாள் கறுப்புத் திரையில் ஒரு கிழவர் பொட்டுப் பொட்டாக எழும்பி வந்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதற்காகத்தான் பெற்ற பிள்ளை ஆரணியை உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன் என்று அன்றைக்கு என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

ஊசி போட்டவர்களுக்கு நாங்கள் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளைத் தூக்க வேண்டாம், மடியில் வைத்திருக்க வேண்டாம் என்று. மாத்தளையில் இருந்து வந்த ஒரு தாய் கேட்டுவிட்டு, "அப்ப இன்னைக்கு ஒரு நாளாவது எனக்கு லீவுங்க" என்றா. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

கோயில் விசயத்தை ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோடு அடிக்கடி வலிப்பு வந்தது, தவிட்டுக்கு விற்று வாங்கினால் போகும் என்று அம்மன் வாசலில் சுளகில் கிடத்தினோம், நீங்கள் ஒரு பிடி தவிடு தந்து வாங்கினீர்கள். கோயில் வீதியைச் சுற்றி முடிய நான் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்தான். பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டேன். அதற்கு இப்போது என்ன? வளர வளர அந்த வலிப்பு நின்றுவிடும் என்று டொக்டர் சொன்னவர்தானே. தவிட்டையும் நம்பிக்கொண்டு அணுவையும் படிக்க என்னால் ஏலாது, அக்கா.

முட்டையின் மஞ்சட்கரு அவளுக்குத் தொண்டையில் பிடிக்கும், பிசைந்து கொடுங்கள். படுக்க வைக்கும்போது இடது காதைத் தடவ வேண்டும்.

உங்கள் தங்கை
அனோஜா


பரந்தன்
03.03.2024

அன்புள்ள தங்கச்சி அனோஜாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உன்ர சுகத்துக்கு அம்மனைக் கும்பிடுறன். கடிதத்தை அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன். "உன்ர தங்கச்சி சனத்தை ரோச் லைட் ஆக்கிறாள் போல" எண்டு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஊசி போட்ட சனம் பிள்ளையைத் தூக்கக் கூடாதெண்டு நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சனம் ஒரு நாள் வந்திட்டுப் போகுது. நீ விடிஞ்சாப் பொழுதுபட்டா அதுக்குள்ளதான் நிக்கிறாய். அப்ப உன்னை என்ன செய்யிறது?

வயல் வெட்டு முடிஞ்சுது. வெட்டுற மெசின் சத்தத்துக்குப் பயந்து ஆரணி என்ர சீலைக்குள்ள பூந்துகொள்ளுறாள். வலிப்பு வரேல்லை. சுளகில வாங்கின நாளிலயிருந்து ஒருக்காலும் வரேல்லை. நீ நம்பினாலென்ன நம்பாட்டாலென்ன, நடந்தது அதுதான். இப்ப என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுறாள். நான் பழக்கேல்லை. பிள்ளை தன்ர பாட்டில பழகீட்டுது.

காது தடவத் தேவையில்லை. அதை மறந்திட்டாள். தலகாணியைக் கட்டிக்கொண்டு படுக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மெலிஞ்சு போய் வந்து நிக்காதை.

அக்கா
சுமித்திரா


கண்டி
21.04.2024

அக்காவுக்கு,

பஸ்ஸிலேயே எழுத நினைத்தேன். ஒரு கிழமை பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

சித்திரை வருசத்துக்கு என்று வந்தவளைப் படலையிலேயே மறித்தீர்கள். "நேர கிணத்தடிக்குப் போ" என்றீர்கள். செத்த வீட்டுக்குப் போய் வந்தவளைப்போல உடுப்போடு தலை முழுகினேன். குளித்துவிட்டு வந்தால் எனக்குத் தனிப் பாய், தனிக் கோப்பை. பிள்ளையை அடுத்த வளவில் பத்மாசனி மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். பின்னேரம் கூட்டிவந்து முற்றத்தின் அந்தக் கரையில் வைத்துக் காட்டினீர்கள். நான் கையை நீட்டினேன். அவள் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு உங்களிடம் கேட்டாள்: "அம்மா, அன்ரி சுடுவாவா?"

நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. "கிட்டப் போகாதை குஞ்சு" என்றீர்கள். நான் நின்றுகொண்டிருந்தேன், அக்கா. எனக்கு முன்னால் சொன்னீர்கள்.

ஒருக்கால் ஆறுதலாகக் கேளுங்கள். மருந்து போவது நோயாளிக்குள்ளே, எனக்குள்ளே இல்லை. ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் ஊசியைத் தொடுகிறோம். வேலை முடிந்தால் கதிர் ஒட்டியிருக்கிறதா என்று கையையும் காலையும் அளந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அந்த மருந்தும் ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், மிச்சமும் ஓரிரு நாளில் இல்லாமல் போய்விடும். கண்டி பஸ்ஸில் என்னோடு அது ஏறி வராது. இதை நான் சோதினையில் எழுதினால் புள்ளி போடுகிறார்கள். என் சொந்த வீட்டு முற்றத்தில் சொன்னால் எடுபடவில்லை.

இரவு கட்டாரில் வேலை செய்கிற என் புருசனுக்குப் போன் எடுத்து அழுதேன். "உங்கட அக்கா தங்கச்சிச் சண்டைக்குள்ள என்னை இழுக்காதை. ஆர் பார்த்தாலென்ன, பிள்ளை சுகமா இருக்குத்தானே" என்று செந்தூரன் சொல்லிவிட்டார். கலியாணம் கட்டி அவ்வளவு தூரத்தில் ஒருவரை வைத்திருப்பதற்குக் கட்டாமலே இருந்திருக்கலாம்.

நான் முடிவெடுத்துவிட்டேன். கம்பசுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை பார்த்திருக்கிறேன். பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற இடமும் அந்த ஒழுங்கையிலேயே இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வந்து கோயிலில் முறைப்படி ஆரணியைத் திரும்ப வாங்கி என்னோடு கூட்டிவரப் போகிறேன். நம்பாதவள் நம்புகிறேன் என்று சொல்கிறேன். போதுமா?

அனோஜா


பரந்தன்
05.05.2024

அனோஜா,

கதிர் ஒண்டும் உன்னில ஒட்டேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீ சித்திரை வருசத்துக்கு வர முதலே டொக்டரம்மாட்டைக் கேட்டனான். அவா சிரிச்சா. இருக்கட்டும்.

கோயில் வாசலில நீ என்ன சொன்னனி? ஐயர் "வீதி சுத்தி வாங்கோ பிள்ளை, திரும்ப வாங்கிற நேரம்" எண்டு சொல்லச் சொல்ல, "வைச்சிருங்கோ அக்கா, படிச்சு முடிய வந்து வாங்குறன்" எண்டு பகிடி விட்டுக்கொண்டு பஸ்ஸில ஏறினாய். சனமெல்லாம் சிரிச்சுது. நான் சிரிக்கேல்லை. பிள்ளையில்லாமல் கோயில் கோயிலாத் திரிஞ்சவளின்ர கையில ஒரு பிள்ளையைப் பகிடிக்குக் குடுக்கலாமோ? அண்டைக்கு வீதியை நான் தனியச் சுத்தினன், பிள்ளையோட. அந்த மூண்டு சுத்தும் நான் தாய்.

இப்ப நீ வந்து கேட்டவுடன தூக்கித் தரோணுமாம். கண்டியில ஆரெண்டு தெரியாத பொம்பிளையிட்டைப் பகல் முழுக்க விடப்போறியாம். பாசை விளங்காத இடத்தில பிள்ளை தண்ணி கேட்டால் ஆருக்கு விளங்கும்?

சண்டையில அம்மா செல் பட்டுச் செத்தபோது நீ பன்னிரண்டு வயசு. முகாமால வெளிக்கிட்ட வருசம் எனக்குக் கம்பஸ் கிடைச்சது. உனக்கு ஆர் சோறு தாறதெண்டு போகாமல் விட்டனான். அதை ஆரும் படமெடுத்துப் பார்க்கேல்லை.

படிப்பை விட்டிட்டு வா. வந்த அண்டைக்கே பிள்ளையைத் தாறன், அம்மன் மேல ஆணை. பிள்ளை வேணுமெண்ட தாய் அதைத்தான் செய்வாள். நான் பெறாத பிள்ளைக்கே செய்தனான்.

சுமித்திரா


கண்டி
26.05.2024

அக்கா,

விடத்தான் போனேன். விலகுகிறேன் என்று எழுதி எடுத்துக்கொண்டு கந்தோர் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே வேலை செய்கிற மனிசி சாப்பிடப் போயிருந்தா. வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் குந்திக் காத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். வாசித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

உங்கள் சோற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிடியோடும் அந்தக் கம்பசும் வந்தது. சோதினையில் குறைந்தால், "இதுக்கோ நான் விட்டனான்?" புதுச் சட்டை கேட்டால், "என்னட்டை ஆர் கேட்டது என்ன வேணுமெண்டு?" கணக்கில் முதலாவதாக வந்த அன்றைக்கு ஓடிவந்து காட்டினேன். பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய் விறகை முறித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தம் நிற்கும் வரைக்கும் நான் வெளியில் நின்றேன். எனக்குச் சந்தோசப்படவும் பயம், தோற்கவும் பயம். ஒருவர் எனக்காக விட்டதைத் தின்று வளர்ந்தவள் நான். அது தொண்டைக்குள் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆரணிக்கு அதை நான் ஊட்டமாட்டேன்.

போன கிழமை அவளின் வயதில் ஒரு பிள்ளையைச் சிறுநீரக ஸ்கானுக்குக் கொண்டுவந்தார்கள். அசையாமல் கிடக்க வேண்டும். தாய் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபடியால் உள்ளே விட முடியாது. நான் தலைமாட்டில் நின்று வாயில் வந்த கதையெல்லாம் சொன்னேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. ஒரு சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று படம் காட்டியது. நேரத்தோடு கண்டபடியால் மற்றதைக் காப்பாற்றலாமாம். எனக்கு இந்த வேலை வருகிறது, அக்கா. ஊர்ப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. என் பிள்ளை சுடுமா என்று கேட்கிறது. இரண்டும் ஒரே முகம்தான்.

படிப்பை விடமாட்டேன். பிள்ளையையும் விடமாட்டேன்.

அவள் உங்களை அம்மா என்று கூப்பிடட்டும். அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். நானும் உங்களைத்தானே அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டும், ஒருநாளும் வாய் வரவில்லை. பாசை விளங்காது என்று நீங்கள் எழுதியது சரிதான். அதற்காக முதல் மாதம் நீங்களும் வந்து எங்களோடு இருக்கலாம். அறை சின்னது, படுக்கலாம்.

ஆனி முதல் வெள்ளிக்கிழமை காலையில் பரந்தன் சந்தியில் இறங்கி நேரே கோயிலுக்கு வருவேன். வீட்டுக்கு வரமாட்டேன். நீங்கள் பிள்ளையோடு வந்தால் ஐயர் சொல்கிறபடி எல்லாம் செய்து, உங்கள் காலில் விழுந்து வாங்குவேன். வராவிட்டால் திங்கட்கிழமை கிளிநொச்சிக் கோட்டில் வழக்குப் போட்டு நிற்பேன். அக்காவுக்கு எதிராக இவளுக்கு வாய் வராது என்று நினைப்பீர்கள். வரும். நீங்கள் வளர்த்தவள்தானே.

வருவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் எழுதினால் போதும். கெதியாய்ப் பதில் போடுங்கோ.

அனோஜா