தாது வருஷத்து இலை

இன்று காலை தொலைக்காட்சியில் நடுக்கடலில் ஒரு படகைக் காட்டினார்கள். பிள்ளை குட்டிகளோடு ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. "இவங்கல்லாம் எதுக்கு இங்க வர்றாங்க?" என்றார் நம் மாப்பிள்ளை. நான் சட்டென்று உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் மனுஷன் இன்றைக்கு ஆபீசுக்குப் போன மாதிரிதான்!

உங்களுக்குத்தான் ஒரு செய்தியை வந்தபடி விடத் தெரியாதே. அரிசி விலை ஏறினால் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போவீர்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லையென்றால் அதற்கும் முன்னால். தறியில் ஓட வேண்டிய நாடாவைக் கையில் பிடித்தபடியே பேசுவீர்கள், தறி சும்மா நிற்கும். "சேலைய முடிச்சிட்டு சரித்திரம் பேசலாம்" என்று நான் கத்துவேன். "இந்தச் சேதியோட பாட்டன் யாருன்னு தெரிய வேணாமா?" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

சிலோன் தோட்டத்து ஜனங்களைக் கப்பலில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அப்போது பேப்பரில் அடிக்கடி வந்தது. ஒருநாள் அந்தச் செய்தியே நம் வாசலுக்கு வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவனுக்குச் சாயப்பட்டறையில் வேலை கிடைத்திருந்தது, தங்க இடமில்லை. சத்திரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். நம் பின்கட்டு பூட்டிக் கிடந்தது. ஆனால் வீடு பொது ஆயிற்றே, உங்கள் அண்ணன் விடுவாரா? "கப்பல்ல வந்தவங்க யாரு எவருன்னே தெரியாது. நமக்கும் அவங்களுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று ஒரே போடாகப் போட்டார். வெளியே மழை. எனக்கு அந்தக் குழந்தையின் இருமல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீங்கள் சண்டை போடவில்லை. புரட்டாசி அமாவாசையன்று வரும்படி அவர்களிடம் சொல்லி அனுப்பினீர்கள். அன்று முன்னோருக்குப் படையல். தெரிந்த பெயர்களுக்கெல்லாம் போட்டபின் ஓரமாக ஓர் இலை கூடுதலாகப் போடுவது நம் வீட்டு வழக்கம். ஏனென்று நான் கேட்டதே இல்லை.

"அண்ணா, இது யாருக்கு?" என்றீர்கள்.

"தெரியாத மாதிரி கேக்குறியே! நூறு வருஷத்துக்கு முந்தி தாது வருஷப் பஞ்சத்துல போன சின்னக் கொள்ளுத்தாத்தாவுக்கு."

"எங்க போனாரு?"

பதிலையும் நீங்களே சொன்னீர்கள். "கஞ்சிக்கு வழியில்லாம சிலோனுக்கு, காப்பித் தோட்டத்துக்குப் போனாரு. சேதி வரல. செத்துட்டாருன்னு நாமளே முடிவு பண்ணி இலை போட்டுக்கினு இருக்குறோம். அவரு அங்க பொழச்சிப் புள்ள குட்டி பெத்திருந்தா? அதுங்களும் இந்தக் கப்பல்லதான வரும்?"

சொன்ன கையோடு புருஷனோடும் குழந்தையோடும் வந்து வாசலில் நின்றவளைக் கூப்பிட்டு, அந்த ஓரத்து இலையைக் காட்டி, "வா தாயி, உக்காரு" என்றீர்கள்.

"செத்தவனுக்குப் போட்ட இலையில உசுரோட இருக்கறவள உக்கார வெக்கிறியேடா!" என்று அண்ணன் பதறிவிட்டார். உங்கள் முகம் சுண்டிப்போனது. பேச்சில் ஜெயிக்கிற அவசரத்தில் நீங்கள் அதை யோசிக்கவே இல்லை.

அவள்தான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. "நாங்க உசுரோட வந்திருக்கோங்க. எங்களுக்கு வேற இலை போடுங்க."

உங்கள் அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அன்றும் பெய்த மழையில் நனைந்துகொண்டே வாழையிலை அறுத்து வந்து, தானே போட்டார். பின்கட்டுச் சாவியை நான் கொடுத்தேன்.

அவர்கள் அந்தத் தாத்தா வழியா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அதிசயமாக நீங்களும் நோண்டவில்லை. அடுத்த வருஷம் ஓரத்து இலையை அண்ணனே வேண்டாமென்றார். "எங்கியோ நல்லா இருந்திருப்பாரு, வுடு" என்றார்.

மாப்பிள்ளைக்கு இன்று எனக்குத் தெரிந்தவரை இதைச் சொன்னேன். நடுவில் நாலைந்து தப்பு இருக்கும், நீங்கள் இருந்தால் திருத்தியிருப்பீர்கள்.

புரட்டாசியில் இப்போது உங்களுக்கும் இலை போடுகிறேன். கடைசி மூச்சுவரை பக்கத்திலேயே இருந்தவள் நான். எனக்குச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனாலும் சோற்றை வைக்கும்போது ஒவ்வொரு வருஷமும் கை நின்றுவிடுகிறது. இதுவும் நாமாக முடிவு பண்ணிக்கொண்டதாக இருந்துவிடக் கூடாதா?