சந்தனம் பூசிய பிளொட்டர்

கடைக்காரர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தான்களுக்கு நடுவில் காய்ந்து கிடந்த மஞ்சளை நகத்தால் சுரண்டி, "இதென்ன, கடுகுச் சோஸா?" என்று கேட்டார். சந்தனம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல மணமாகத்தான் இருக்கிறது என்றார். அந்த இடத்திலேயே நீ வந்து நின்றுவிட்டாய், கப்டன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. நம் படகுக்கு வழிகாட்டப் புதுப் பிளொட்டர் வாங்கத்தான் விமான நிலைய வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆக்லாந்து நகரத்துக்குள் வந்தேன். பழையதன் திரை பாதி கறுத்துவிட்டது. அதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கொஞ்சம் குறைப்பார்களாம். நல்ல பேரம்தான். ஆனால் அவர் சந்தனத்தைச் சுரண்டியதும் எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது.

ஒனிஹங்காவில் உன் தையல் கடைக்கு நான் முதல்முறை வந்தது என் யூனிஃபோர்ம் பாவாடையைச் சின்னதாக்க. நீ தரையில் உட்கார்ந்து, கடை முழுக்கப் பரந்து கிடந்த ஒரு பாய்மரத் துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். "தமிழா? அப்ப அந்த மூலையப் பிடி ட்டி" என்றாய். பாவாடையை மறந்து ஒரு மணி நேரம் பிடித்தேன். அடுத்த சனிக்கிழமை என்னைப் படகிலும் ஏற்றிவிட்டாய். நீ தூத்துக்குடிக்காரி, உனக்கு உப்புத் தண்ணீர் பழக்கம். எனக்குப் படகு என்றாலே ஊரைவிட்டு ஓடி வந்த நினைவுதான். "இது ஓடுறதுக்கு இல்ல, யாழ்ப்பாணம். போய்ட்டுத் திரும்பி வர்றதுக்கு" என்று என் ஊரையே எனக்குப் பெயராக்கிச் சொல்லிச் சுக்கானை என் கையில் திணித்தாய். அன்றைக்குப் பிறகு நான் பயந்ததில்லை. உன் கணவருக்கோ படகில் கால் வைத்தாலே வாந்தி. அதனால் மனுகாவ் குடாவில் அந்தப் படகுக்கு நாம் இரண்டு பேர்தான்.

பிளொட்டர் வேண்டும் என்று நீ தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்துச் செய்மதிகளிடம் கேட்டறிந்து, திரையில் தெரியும் கடல் வரைபடத்தில் நம் படகை ஒரு புள்ளியாகக் காட்டும் பெட்டி அது. பத்து வருடம் காகித வரைபடத்தோடு போய் வந்தவளுக்கு எதற்கு? கடைகடையாக ஏறி இறங்கினோம். பெரிய திரை உள்ளதன் விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். கையடக்கமானது மலிவு, ஆனால் வரைபடமில்லை, வெறும் எண்கள். மற்றவர்கள் தண்ணீர் போகுமா, பற்றரி எவ்வளவு தின்னும் என்று கேட்டார்கள். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "எழுத்து இன்னும் பெருசாகுமா?" நானோ ஒரு கேள்வியும் கேட்காமல் நின்றேன். ஊசியில் நூல் கோர்க்க நீ என்னைக் கூப்பிடத் தொடங்கி அப்போது ஒரு வருடமாகியிருந்தது. அதையும் சோம்பல் என்றுதான் நினைத்தேன். என் மர மண்டை!

இன்னொரு தொல்லை, எல்லாக் கடையிலும் கிழக்குப் பக்கத்துக் கடலுக்கான, கருவியில் செருகும் வரைபடச் சில்லுதான் இருந்தது. வசதியானவர்களின் படகுகள் எல்லாம் அந்தப் பக்கம். நம் மனுகாவ் சேற்றுக்கு யார் வரைபடம் கேட்கிறார்கள்? கடைசியில் படகுக் கழக அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டு பார்த்தோம். ஒரு வயதானவர் இறந்துவிட, அவருடைய மகள் பிளொட்டரை விற்கிறாள். நடுத்தரத் திரை, தடித்த கோடுகள், மனுகாவ் சில்லும் உள்ளே. "இதுதான் நமக்கு" என்று நீ திரையை மூக்கருகே பிடித்துக்கொண்டு சொன்னாய். உன் தேர்வு சரி. அதை இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன்.

பிழை விட்டது நான்.

பாபடோயிட்டோயில் என் வீட்டில், என் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கருவியைப் போட்டுப் பார்த்தோம். திரை முழுக்க அந்த மனிதர் போய் வந்த கோடுகள், அங்கங்கே சின்னச் சின்ன மீன் அடையாளங்கள்.

"செத்த ஆளின்ர தடத்தோட கடலுக்குப் போறதே? எனக்குச் சரிவராது" என்றேன்.

"சும்மா கிட ட்டி. கோடு என்ன கடிக்கவா போகுது?"

நான் கேட்கவில்லை. நீ தேநீர் போடப் போன நேரம் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமத்தினேன். எல்லாம் வெள்ளையானது. புதுக் கார் வாங்கியதுபோலச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தேன். திரும்பி வந்து பார்த்த நீ ஒரு பெருமூச்சோடு விட்டுவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமை, கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம், சேற்றுக்கு நடுவே ஆழமாகப் போகும் வாய்க்கால் வழியாக ஒனிஹங்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ திரையோடு முகத்தை ஒட்டிவைத்து, "நடுவுலதான் போறோம், சுத்தமா நடுவுல" என்றாய். நான் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஏதோ மெதுவாக உரசியது, பிறகு படகு நின்றே விட்டது. தண்ணீர் வடிய வடியப் படகு சாய்ந்து, நாம் சேற்றின் நடுவில் ஆறு மணித்தியாலம் கிடந்தோம். கொண்டு போன வடை முழுவதையும் நானே தின்றேன். நீ ஒன்றுகூடத் தொடவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் சொன்னாய்.

"கண்ணு போச்சு ட்டி. நடுப்பார்வை மங்கிட்டே வருதுன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. பெட்டி வாங்கினா சமாளிச்சுரலாம்னு நெனச்சேன். அதையும் சரியாப் பாக்கத் தெரியல. படக வித்துரலாம்."

திங்கட்கிழமையே கழகப் பலகையில் உன் கையெழுத்தோடு 'விற்பனைக்கு' என்ற துண்டு தொங்கியது. எழுத்துகள் எவ்வளவு பெரிதாக இருந்தன என்பதை அன்றுதான் கவனித்தேன்.

புதன்கிழமை படகிலிருந்த என் சாமான்களை எடுக்கப் போனேன். போவதற்கு முன் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்க்கலாம் என்று போட்டேன். படகு துறையில் கட்டிக் கிடக்கிறது. திரையிலோ கரைக்கு மேலே ரோட்டில் நிற்கிறது! அப்போதெல்லாம் செய்மதிகளை வைத்திருக்கும் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையாக விடுகிறது, புள்ளி நூறு மீட்டர் ஆடும் என்று கடைகளில் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தேன். ஆடியது உண்மை. ஆனால் ஆடி ஆடி ரோட்டிலேயே நின்றது, ஒருதரமும் தண்ணீருக்குள் வரவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். இந்த நாட்டு வரைபடங்கள் ஒரு பழைய அளவையில் வரைந்தவை, செய்மதி சொல்வது வேறு அளவை. இரண்டுக்கும் இருநூறு மீட்டர் வித்தியாசம். அதைத் திருத்தும் எண்களை முதலிலேயே போட்டு வைக்க வேண்டும். அந்த மனிதர் போட்டுத்தான் வைத்திருந்தார். அவருடைய கோடுகளோடு அதையும் சேர்த்து அழித்தவள் நான்.

ஒனிஹங்கா ரோட்டில் அன்று நான் ஓடியதுபோல எப்போதும் ஓடியதில்லை. நீ கடையில் ஒரு காற்சட்டையை வெட்டிக்கொண்டிருந்தாய்.

"பெட்டி பிழை காட்டினது. நான்தான் அமத்தி அழிச்சனான். உன்ர கண் இல்லை, என்ர விரல்" என்றேன்.

நீ கத்தரிக்கோலை மேசையில் வைத்தாய். "அப்ப நான் சரியாத்தான் பாத்தேனா?"

"ஓம். திரையில நடுவிலதான் போனனீ. திரைதான் பொய்."

நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுது முடித்ததும் தூத்துக்குடிப் பாஷையில் என்னை வைதாய் பார், அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய மீதியை இங்கே எழுத முடியாது. வைதுகொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கழகத்துக்குப் போய் அந்தத் துண்டைக் கிழித்து வந்தாய்.

திருத்தும் எண்களைக் கேட்க இறந்தவரின் மகளுக்கு நான்தான் போன் எடுத்தேன். என்னை எடுக்கவைத்தது நீ. அவள் சந்தோஷமாகப் பேசினாள். "அப்பாவின் மீன் பிடிக்கும் இடங்கள் இன்னும் அதில் இருக்கின்றனவா? ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்" என்றாள். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் பரவாயில்லை என்று சொல்லி, தகப்பனின் குறிப்புக் கொப்பியைத் தேடியெடுத்து எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். திட்டவில்லை. "இனிமே யாரு கோட்டையும் கேக்காம அழிக்காத, யாழ்ப்பாணம்" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு மூன்று கோடைகள் ஓடினோம். திரையை நீ பார்த்தாய், தூரத்தை நான் பார்த்துச் சொன்னேன். "இடப்பக்கம் மிதவை, பச்சை" என்பேன். "பெட்டியும் அதத்தான் சொல்லுது" என்பாய். கண் இன்னும் மங்க மங்க வரைபடத்தை இன்னும் பெரிதாக்கினாய், சுக்கானை மட்டும் விடவில்லை. நாம் சேற்றில் கிடந்த இடத்தைக் கருவியில் குறித்து, ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி 'வடை' என்று பெயரும் வைத்தாய். அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், "பசிக்குதா ட்டி?" என்று கேட்பாய். உன் இதயம் ஒரு செவ்வாய்க்கிழமை தையல் இயந்திரத்தின் முன்னாலேயே நின்றது. கண்ணைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்பட்டோம்.

கடைக்காரர் புதுக் கருவிக்குப் பில் எழுதிவிட்டு, பழையதன் மேல் விரலை வைத்தார். அதே இரண்டு பொத்தான்கள். "வேறொருவருக்கு விற்க வேண்டும். உள்ளே இருப்பதை அழித்துவிடட்டுமா?"

"கையை எடுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கடை திரும்பிப் பார்த்தது. பிறகு ஆங்கிலத்தில், இதை அழிப்பதென்றால் ஒருவரிடம் கேட்க வேண்டும், அவர் இப்போது இல்லை என்று சொன்னேன். கடைக்காரர் கருவியை என் பக்கம் தள்ளினார். முழு விலை கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு, பழையதைக் கைப்பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் கணவருக்குப் போன் எடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவ போன வழி அதுல இன்னமும் தெரியுதா?" என்றார். ஓம் என்றேன். "சனிக்கிழமை நானும் வாரேன். வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

புதுக் கருவியைத் துறையிலேயே போட்டு, தண்ணீரில்தான் நிற்கிறோமா என்று முதலில் பார்ப்பேன். அது இப்போது என் பழக்கம். பழையதையும் அதன் பக்கத்தில் பொருத்துவேன். திரையில் மிச்சமிருக்கும் பாதியில் உன் கோடு இருக்கிறது, வடையும் இருக்கிறது. திரும்பி வரும்போது வாய்க்காலில் படகை அந்தக் கோட்டின் மேல் விட்டு, சுக்கானைக் கொஞ்ச நேரம் உன் கணவர் கையில் கொடுக்கப் போகிறேன்.