ஜீப்பின் டீசல் மீற்றர் திருத்திய விஷயம்

கப்பல்துறை
14.09.2025

அன்பு மகள் ஜதுசாவுக்கு அப்பா எழுதுவது. கோணேசர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். கிழமைக்கு மூன்று தரம் போனில் கதைக்கிற மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு ஏலாது, அதுதான். பயப்படாதே, ஒருவருக்கும் வருத்தமில்லை. அம்மாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பின்வளவு மாமரம் இந்த முறை ஏமாற்றிவிட்டது, நமது பழைய ஜீப்பும் ஓடுகிறது. ஜீப்பைப் பற்றித்தான் விஷயமே.

போன மாதம் கந்தளாயில் அம்மாவின் கண்ணைக் காட்டிவிட்டு வரும்போது, தம்பலகாமச் சந்திக்கு இப்பால் ஜீப் டீசல் இல்லாமல் நின்றுவிட்டது. உனக்குத் தெரியும்தானே, மூன்று வருஷமாக அதன் மீற்றர் முள் அடியிலேயே கிடக்கிறது, ஓடின தூரத்தை மனக்கணக்குப் பார்த்துத்தான் நான் டீசல் அடிக்கிறது, அன்றைக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது. நான் டீசல் கானும் கையுமாகப் போய் வரும்வரைக்கும் அம்மா மதகுக் கட்டின்மேல் வெயிலுக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தா. மீற்றரைத் திருத்தாமல் இனி இந்தச் சனியனில் ஏறமாட்டன் என்று சொன்னதோடு நிற்காமல், வீட்டுக்கு வந்ததும் வெள்ளைமணல் அபூதாஹிருக்குத் தானே போன் எடுத்துவிட்டா. படகு எஞ்சினாக இருந்தாலும் வாகனமாக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவன்தான் மெக்கானிக், நமது ஜீப்பையும் இருபது வருஷமாக அவன்தான் பார்க்கிறான். ஆனால் இந்த மீற்றரை மட்டும் நான் அவனைத் தொட விட்டதில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் பிறகு பார்ப்போம் என்று கதையை மாற்றிவிடுவேன்.

நாலு நாளுக்கு முதல்தான் அவனுக்கு வர நேரம் கிடைத்தது. வந்து பின் சீற்றைக் கழற்றி, டாங்கிக்கு மேலிருக்கிற மூடியைத் திறந்து, அங்கிருந்து மீற்றருக்குப் போகிற வயரைக் கழற்றி ஜீப்பின் இரும்பில் தொட்டான். முன்னுக்கு முள் துள்ளி எழும்பி டாங்கி நிறைந்திருக்கிறதாகக் காட்டியது. மீற்றர் நல்லா இரிக்கி அண்ணன், கோளாறு டாங்கிக்குள்ளதான் என்றான். உள்ளே டீசலில் மிதக்கிற ஃப்ளோட்டின் கம்பி கறள் பிடித்து அசையாமல் நின்றது, அதை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிக் கறள் போக உரஞ்சினான். திருப்பிப் பூட்டும்போதுதான் வயரில் நான் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைக் கண்டான். பிரித்துப் பார்த்துவிட்டு இது ஆர் வெட்டின என்று கேட்டான். எலியாக்கும் என்றேன். எலி கடிச்சா இப்பிடி நேராவா அண்ணன் இரிக்கும் என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

மகள், அந்த வயரை வெட்டினது நான். 2022 ஆடி மாதம், நீ போகிறதுக்கு முதல் கிழமை. நாடு முழுக்க எண்ணெய் இல்லை, ஐந்து நாள் வரிசையில் கிடந்தும் கானோடு அலைந்தும் உன்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரக் கணக்காய் டீசல் சேர்த்தேன். டாங்கியில் இருக்கிறது என்று தெரிந்தால் தெருவே வந்து கேட்கும், இல்லாவிட்டால் யாராவது குழாய் விட்டு இழுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வயரை வெட்டி முள்ளை அடியில் விழுத்தினேன். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் முள்ளைக் காட்டினேன். உன் பயணத்துக்கு இரண்டு நாளுக்கு முதல் விடியக் காலமை அபூதாஹிர் சைக்கிளில் ஓடி வந்தான், பெண்சாதி ரபீக்காவுக்கு வாய் கோணிக் கை விழுந்துவிட்டது, திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பை எடுங்கள் அண்ணன் என்று. அவனுக்கும் முள்ளைத்தான் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வர மூன்று லீற்றர் காணும் மகள், மூன்றே லீற்றர். வரிசைகள் முடிந்த பிறகு ஒருவரும் காணாமல் வயரை முறுக்கி ஒட்டினேன், அதற்குள் ஃப்ளோட் இறுகிப்போனது, முள் எழும்பவேயில்லை.

இவ்வளவையும் அந்த இடத்திலேயே அவனுக்குச் சொல்லிவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றா, அவவுக்கும் இது புதுக்கதை. அபூதாஹிர் சத்தம் போடவில்லை. தெரியும் அண்ணன், புள்ளைய ஏத்திக்கிட்டு ஜீப் போனத ஊரே கண்டதுதானே என்றான். புள்ளைக்கு வெச்சதை நான் குத்தம் சொல்ல மாட்டன், ஆனா புள்ளைக்கு வெச்சிரிக்கன், தர ஏலா எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே தோணியத் தள்ளியிருப்பன், முள்ளை நம்பி உங்கட ஜீப்புக்கு ஊத்த டீசல் தேடி ஒண்டரை மணித்தியாலம் வீடு வீடா அலைஞ்சன் என்று சொல்லிவிட்டுக் குனிந்து வயரைப் பூட்டினான். கடைசியில் அவன் ரபீக்காவைத் தோணியில் கிடத்தித் துடுப்புப் போட்டே துறைமுகத்தைக் கடந்தது எனக்குத் தெரியும். அந்த ஒன்றரை மணித்தியாலம் எனக்குத் தெரியாது. டீசல் கொடுக்காத பாவி என்றுதான் இவ்வளவு காலமும் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன், நான் செய்தது அதைவிட மோசம். இப்போது மீற்றர் சரியாக வேலை செய்கிறது, எனக்கு அதைப் பார்க்க மனமில்லை.

ரபீக்கா அறியாமலே இருக்கட்டும் என்று அபூதாஹிர் தடுத்தான், நான் கேட்கவில்லை. நேற்று அம்மாவோடு வெள்ளைமணல் போய் ரபீக்காவுக்கும் சொன்னேன். உனக்குச் சட்டை தைத்துத் தந்த அந்த வலது கை இன்னும் எழும்பவில்லை, அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, அப்ப புள்ளைக்குப் பிளேன் தவறிப் போகல்லதானே என்று மட்டும் கேட்டா. இல்லை என்றேன். எழும்பி உள்ளே போனவ, நாங்கள் வெளிக்கிடும் வரைக்கும் வெளியே வரவில்லை. மன்னித்தாவோ இல்லையோ தெரியாது மகள், கேட்க எனக்கு முகமில்லை. அம்மாவும் நாலு நாளாக என்னோடு கதையில்லை, சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு வந்தது தெரியும்.

உன்னில் ஒரு பிழையும் இல்லை, அதை நினைத்து அழாதே, அவர்களுக்குச் சாமான் ஏதும் அனுப்பி ஈடு கட்டவும் பார்க்காதே. ரபீக்காவோடு வழமைபோலக் கதை, எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது என்னுடைய வேலை. பத்திரகாளி அம்மன் உனக்குத் துணையிருப்பா, வேலைக்குப் போகும்போது கையுறையை மறக்காதே. இன்னொன்றையும் மறக்காதே பிள்ளை. யாராவது உதவி கேட்டு வந்து உனக்குச் செய்ய ஏலாவிட்டால், ஏலாது என்று வாயைத் திறந்து சொல்லு, அந்த ஆளுக்கு வேறு வழி பார்க்க நேரமாவது இருக்கும்.

உன் அன்பு அப்பா
பாக்கியரத்தினம்