ஒயரைக் கழற்றியதும் பளிச்சென்று எரிந்த விளக்கு

மச்சான்,

இன்று காலை ஒரு தவிட்டு லாரியின் ஆல்டர்னேட்டரைப் பிரித்தேன். பின்மூடியைக் கழற்றியதுமே கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே பேட்டரிக்குச் சார்ஜ் விடும் டயோடுகள் கருகிக் கிடந்தன. உன் படத்துக்கு முன்னால் தங்கச்சி ஏற்றும் ஊதுபத்திக்கு வராத உன் ஞாபகம் இந்த வாடைக்கு உடனே வந்துவிடுகிறது.

நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். திட்டுவதற்கு நீ இல்லை என்கிற தைரியம்தான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கீற்றுக்கொட்டகையில் நாம் இரண்டு பேரும் கூட்டாளிகளாகத்தான் தொழில் தொடங்கினோம். பிறகு என் தங்கச்சியைக் கட்டி நீ மச்சான் ஆனாய். அப்போதெல்லாம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற பஸ், லாரி எல்லாவற்றிலும் டைனமோதான். சார்ஜ் ஏறவில்லை என்று வண்டி வந்தால் மீட்டரை நீ தொடவே மாட்டாய். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போடச் சொல்லி, பேட்டரி ஒயரைப் பிடுங்குவாய். "லைட்டு எரிஞ்சிக்கினு கீதா? அப்ப டைனமோ நல்லா கீது. பேட்டரிதான் காலி" என்பாய். டைனமோவுக்கு அது சரியாகவே வரும். நீ ஒயரைப் பிடுங்குவதைப் பார்க்கவே டிரைவர்கள் டீ கிளாஸோடு வந்து நிற்பார்கள்.

கை இருந்த அளவுக்கு உனக்கு வாயும் இருந்தது. ஒரு முறை நான் செம்புக்கம்பி சுற்றிய டைனமோ ஆர்மேச்சர் ஒரே வாரத்தில் புகைந்துவிட்டது. அதை ஸ்டாண்டு நடுவில் ஒரு கம்பியில் மாட்டித் தொங்கவிட்டு, "எங்க மச்சான் பண்ண தோரணம், எல்லாரும் வந்து பாருங்கோ" என்றாய். சிரித்த கூட்டத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சியும் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்த வண்டிகள் வர ஆரம்பித்த சமயம், உதிரி சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தேன். ஸ்பேர் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "இன்ஜின் ஓடறப்ப பேட்டரி ஒயரை மட்டும் கழட்டிடாதே. வோல்டேஜ் எகிறி டயோடு போயிடும்." ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்குச் சொல்லத்தான் வந்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததும், "வாங்க, தோரணம்!" என்றாய். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே, காஞ்சிபுரத்துக்கு பஸ் விடும் ஒரு முதலாளியின் புது பஸ் வந்தது, ஆல்டர்னேட்டர் வைத்தது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று குறை. பேட்டரி முனையில் உப்பு பூத்திருந்தது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தீர்ந்துபோகும். நீ வழக்கம்போல இன்ஜினை முடுக்கச் சொல்லி ஒயரைப் பிடுங்கினாய். ஹெட்லைட் இரண்டும் வெள்ளை வெளேரென்று ஒரு நொடி எரிந்தன. "பாத்தியா, இன்னா மாரி சார்ஜ் கீது!" என்று கத்தினாய். கூட்டம் வாய் பிளந்தது. டயோடுகள் செத்துக்கொண்டிருந்த வெளிச்சம் அது. அங்கே அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முனையைத் துடைத்து மாட்டி அனுப்பினாய். மூன்றாம் நாள் அந்த பஸ் பழையசீவரத்தில் படுத்துவிட்டது. ஜனங்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். நீ புது டயோடு போட்டாய். போட்டுவிட்டு, வேலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் ஒயரைப் பிடுங்கினாய். மறுபடியும் அதே வெளிச்சம், மறுபடியும் உனக்குச் சந்தோஷம். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்திலேயே ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது.

முதலாளி வேறு மாதிரி யோசித்தார். "புது டயோடைக் கொடுத்தா மூணு நாள்ல கருகினது வருது. நல்லதை எட்த்துக்கினு செத்ததை மாட்றான் இவன். திருட்டுப்பய" என்று ஸ்டாண்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நீ கையிலிருந்த கருகிய டயோடையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என் பக்கம் திரும்பினார்: "இன்னாபா, கூடவே கீறியே, உனுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெர்ல முதலாளி. அவரு கைவேலை, அவரைத்தான் கேக்கணும்" என்றேன்.

மத்தியானம் நீயே என்னிடம் வந்தாய். அவ்வளவு மெதுவாகப் பேசி உன்னை நான் பார்த்ததே இல்லை.

"டேய் மச்சான், நான் திருடினேனாடா?"

"நீ திருடல மச்சான்."

"அப்ப ஏன்டா கருகுது? நான் இன்னா தப்பு பண்றேன்? உனுக்குத் தெரிஞ்சா சொல்லுடா."

கேட்டுவிட்டாய். உன் வாயால் என்னைக் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தேன். அப்படியும் நான் சொல்லவில்லை. "உன் நேரம் மச்சான்" என்றேன்.

அதற்கப்புறம் நீ ஸ்டாண்டுக்கு வரவில்லை. புள்ளலூர் பக்கம் வயல்களில் ஆயில் இன்ஜின் பார்க்கப் போனாய். கைப்பிடி போட்டுச் சுற்றும் இன்ஜின், ஒயரே கிடையாது. முதலாளியின் வண்டிகள் எனக்கு வந்தன. ஐந்து வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் நீ போனபோது தங்கச்சி என்னிடம் சொன்னாள்: "அண்ணே, கடைசி வரிக்கும் அதே பேச்சுதான். லைட்டு அவ்ளோ நல்லா எரிஞ்சிதே, அப்புறம் ஏன் செத்துதுன்னு கேட்டுக்கினே இருந்தாரு." நான் பாடைக்குக் கயிறு வாங்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். இன்றும் கொட்டகைக்குச் சோறு கொண்டுவந்தாள். அப்போதுதான் லாரிக்காரனிடம், டயோடு போவதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "லைட்டைப் போட்டு பேட்டரி ஒயரைப் புடுங்கிப் பாத்தேன். உங்க மச்சான் பண்றதைப் பாத்துக் கத்துக்கினதுதான்" என்றான் அவன்.

"இன்ஜின் ஓடறப்ப அதைக் கயட்டக் கூடாதுபா. வோல்டேஜ் எகிறி டயோடு பூடும்" என்றேன். எப்போதும் சொல்லும் பேச்சுபோல வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகவில்லை, மச்சான்.

லாரிக்காரன் டீ குடிக்கப் போனான். தங்கச்சி தூக்குச்சட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"அப்ப அவரு பண்ணதும் இதான?"

"ஆமா."

"உனுக்கு இது எப்பத்துலேர்ந்து தெரியும்ணே?"

போன மாசம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஏனோ வாய் வரவில்லை. "மொத பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே" என்றேன்.

அவள் தூக்குச்சட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊருக்குள் போகும் பாதையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தினமும் சொல்லும் "சாப்புடுண்ணே" இன்று வரவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. அவள் வைத்த இடத்திலேயே சட்டி இருக்கிறது. நான் இன்னும் மூடியைத் திறக்கவில்லை.