ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்

வுப்பர்டால்
03.12.2007

அன்புள்ள மகள் சாண்ட்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எல்லாரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், என் இடது முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. மற்றும்படி அப்பாவும் நானும் மாதாவின் காவலில் இருக்கிறோம், அந்தக் கிரேக்க நாட்டில் நீயும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்து உனக்காகவே சொல்கிறேன். உன் அறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தாய், வீட்டுக்காரனிடம் ஒருதரம் சொல்லிவிட்டு இருந்துவிடாதே, தினமும் போய்ச் சொல்லு.

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே. வயோதிபர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் வருத்தம் என்று லீவில் நிற்கிறார்கள், அவர்களுடைய மாடியையும் சேர்த்து நான்தான் துடைக்கிறேன், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் அந்த இடத்திலேயே இருந்துவிடலாம் போலிருக்கும். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க டொக்டரிடம் நாள் கேட்டுத் தெர்மின் எடுத்து வைத்தால் அவர் அன்றைக்குத்தான் ஓவர்டைம் செய்யப் போவார். மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று சனம் கேட்டால் பழைய காலத்துக் கூலிக்காரரைப் பற்றி என்று சொல்லுவேன், அதுக்கு ஏன் கொரிந்து வரைக்கும் போகவேணும், எங்களை வந்து பார்த்தாலே போதுமே என்று அப்பா பக்கத்தில் நின்று சொல்லுவார். பகிடியாகத்தான் சொல்கிறார், ஆனால் நீ தமிழில் எழுதி அனுப்பிய அந்த நாலு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தவர் அவர்தான். வாசித்துவிட்டு என்ன நினைக்கிறேன் என்று எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசி.

நான் அதைத் தொங்கு ரெயினில் வேலைக்குப் போகும்போது வாசித்தேன். கொரிந்துக்கு இரண்டு பக்கமும் துறைமுகம், கப்பலில் வந்த சாமானை ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஆட்கள் சுமந்தார்கள், அப்போஸ்தலர் சின்னப்பர் கூட அங்கே கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார் என்பதெல்லாம் சுவாமி பிரசங்கத்தில் சொல்லிக் கொஞ்சம் தெரியும். வசதியான ஒருவருடைய வீட்டில்தான் கிறிஸ்தவர்கள் கூடினார்கள், அவரோடொத்தவர்கள் நேரத்தோடு வந்து உள் கூடத்தில் சாய்ந்திருந்து நல்லதைச் சாப்பிட்டு முடித்துவிட, மூட்டை சுமந்தவர்களும் அடிமைகளும் பிந்தி வந்து முற்றத்தில் நின்றார்கள், சின்னப்பர் அதற்காகத்தான் அவர்களைக் கடிந்துகொண்டார் என்று எழுதியிருந்தாய். அதுவும் சரி என்று வாசித்துக்கொண்டு போனேன். அடுத்ததாக ஒரு வரி எழுதியிருந்தாய், அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு ஓய்வு நாளே இல்லை, அது எல்லா நாளையும் போல ஒரு வேலை நாள் என்று. அந்த வரியில் நான் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன் மகள். எனக்கு றெஜினோல்ட்டின் முகம் வந்துவிட்டது.

உனக்கு அவனைத் தெரியாது, நீ போன பிறகுதான் வந்தவன். மன்னார்ப் பெடியன், முப்பது வயது வரும், இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை, விசாவும் இன்னும் சரிவரவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறோம் அல்லவா, சமையல் பொறுப்பு இப்போதும் என்னிடம்தான். பன்னிரண்டரைக்குப் பரிமாறத் தொடங்கினால் இரண்டு மணிக்கு மேசைகளை மடிக்கத் தொடங்குவோம், மூன்றுக்கு மண்டபம் பார்க்கிற ஹவுஸ்மைஸ்ரரிடம் திறப்பைக் கொடுக்கவேண்டும். இவன் இரண்டேகாலுக்கு வருவான். முதல் சில மாதம் ஒரு தட்டில் போட்டு அலுமினியத் தாளால் மூடி வைத்தேன். மேடைக்குப் பக்கத்தில் இருந்து தனியாகச் சாப்பிடுவான், நாங்கள் அவனைச் சுற்றிக் கூட்டித் துடைத்துக்கொண்டிருப்போம். பிறகு சனம் கூடிவிட்டது, கார் வைத்திருக்கிறவர்கள் மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு போகிற பழக்கமும் வந்துவிட்டது, அதற்கு நானே பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஒக்ரோபர் மாதம் அவன் வந்தபோது பானையில் ஒன்றும் இல்லை. எனக்கு அன்றைக்கு முழங்கால் வலி, விடிய நாலு மணிக்கு எழும்பினது. ஜேசுரட்ணம் அண்ணையிடம், சிலருக்குப் பூசைக்கு வரேலாது, சாப்பாட்டுக்கு மட்டும் வரேலும் என்று சொல்லிவிட்டேன். ஜேசுரட்ணம் அண்ணைதான் இப்போது சபைத் தலைவர். அவர் சிரித்தார். திரும்பினால் றெஜினோல்ட் கதவடியில் நனைந்த குடையோடு நிற்கிறான். கிடந்த கடைசி மேசையை எங்களோடு பிடித்து மடித்துவிட்டுப் போனான். நவம்பர் மாதம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு ஆள் குறைந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

உன் கடிதத்தை வாசித்த அன்று பின்னேரம் அப்பாவிடம், அந்தப் பெடியன் ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்கிறவன் என்று கேட்டேன். ஸ்ரேசனடி ஹோட்டலில் கோப்பை கழுவுறான், ஞாயிறு காலமைச் சாப்பாடு முடிஞ்சு எல்லாம் கழுவி வெளிக்கிட ரெண்டு மணியாகும், வேலை இல்லையெண்டால் விசாவுக்குக் கரைச்சல் என்று ஆறுதலாகச் சொல்கிறார். இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீர் கேக்கேல்லையே என்றார். உன் அப்பாவோடு இருபத்தேழு வருஷம் இப்படித்தான் போகிறது. ஆனால் அன்றைக்கு அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. வந்த புதிதில் ஆறு வருஷம் நானும் ஞாயிற்றுக்கிழமையில் வேலைக்குப் போனவள்தானே. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பூசை மணி அடிக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிப் படி துடைத்தவள். அதை எப்படி மறந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மீன் கட்லெட் பொரித்து, சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு அந்த ஹோட்டலின் பின்பக்கக் கதவுக்குப் போனேன். கை முழங்கை வரைக்கும் சிவந்துபோய் வெளியே வந்தான். நான் சொன்னது பிழை, மனதில் வைத்திருக்காதே என்று சொல்லிப் பார்சலை நீட்டினேன். வாங்கினான், மரியாதையான பிள்ளை. பிறகு சொன்னான், அக்கா இஞ்ச சாப்பாட்டுக்குக் குறையில்லை, மிஞ்சினதை வாளியில கொட்டுறம், நான் சாப்பிட வாறேல்லை, கிழமை முழுக்கத் தமிழில ஒரு சொல் கதைக்க ஆளில்லை, சனத்தோட கொஞ்ச நேரம் இருப்பம் எண்டுதான் வந்தனான் என்று. நான் வாற நேரம் எல்லாரும் எழும்பிப் போற நேரமாயிருக்கும் அக்கா என்றும் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னான். அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்று கெதியாக வந்துவிட்டேன். தட்டை மூடி வைத்ததைப் பெரிய தர்மம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

சபைக் கூட்டத்தில் சாப்பாட்டை இரண்டேகாலுக்கு வைப்போம், அதுவரைக்கும் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் போதும் என்றேன். ஜேசுரட்ணம் அண்ணை ஒரு ஆளுக்காக எழுபது பேரைக் காயப்போடுறதோ என்று கேட்டார். எழுபது பேருக்கும் சமைக்கிறது நான், கரண்டியும் என்னிடம்தான் இருக்கு, அவசரமெண்டால் நீங்கள் சமையுங்கோ என்றேன். மண்டபத்தை முழுக்கக் கழுவித் தருவதாகச் சொல்லி ஹவுஸ்மைஸ்ரரிடம் நாலு மணி வரை கேட்டு வாங்கினேன். றெஜினோல்ட்டுக்கு அப்பா போய்ச் சொன்னார், அவன் பாப்பம் அண்ணை என்று மட்டும் சொன்னானாம்.

நேற்று திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்தது, பானைகளை மூடி வைத்துவிட்டு இருந்தோம். ஒரு மணிக்குப் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கின, மூன்று குடும்பம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது, போகும்போது எனக்குக் கேட்கவேண்டிய அளவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இரண்டேகாலுக்கும் அவன் இல்லை. இரண்டரைக்கும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் பானையைப் பார்க்கிறேன், எனக்குக் களைத்துப்போச்சு மகள், இருபது வருஷக் களைப்பும் அந்த அரை மணித்தியாலத்தில் வந்தது. இரண்டு முப்பத்தைந்துக்குக் கதவைத் திறந்தான். எல்லாருடைய தட்டும் வெறுமையாக இருக்கிறதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான், பூசை இன்னும் முடியேல்லையோ என்று கேட்டான். ஜேசுரட்ணம் அண்ணைதான் எழும்பி, முடிஞ்சுது தம்பி, உமக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம், வந்து இரும் என்று தன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார். சோறு ஆறிவிட்டது, கத்தரிக்காய்க் கறி இறுகிவிட்டது, எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம். அவன் சாப்பிட்டது கொஞ்சம், கதைத்தது கனக்க. கடைசியில் பானை கழுவ எழும்பினான், நீ இருந்து கதை என்று சொல்லிவிட்டேன். பானையை ஜேசுரட்ணம் அண்ணை கழுவினார், சரியாகக் கழுவவில்லை, நான் திரும்பக் கழுவினேன்.

நீ எழுதியதில் ஒரு இடம் மட்டும் எனக்குப் போதாமல் படுகிறது. பிந்தி வந்தவர்கள் பசியோடு போனார்கள் என்று எழுதியிருக்கிறாய். பசி இருந்திருக்கும், பொய்யில்லை. ஆனால் வயிறு மட்டும்தான் என்றால் கூலி கிடைத்த கையோடு தெருவில் ஒரு அப்பத்தை வாங்கித் தின்றுவிட்டுப் படுத்திருப்பார்கள். அவ்வளவு மூட்டையும் சுமந்துவிட்டு ஏன் அந்தப் பெரிய வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்று உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார். அம்மா சொன்னது என்று சொல்ல வெட்கமாக இருந்தால் நீயே யோசித்தது என்று சொல்லு.

நத்தாருக்கு இருபத்துநாலாம் திகதி பிராங்பேர்ட்டில் இறங்கி ரெயின் எடுத்து வர இரவு எட்டு ஒன்பது ஆகும், நீங்கள் சாப்பிட்டுவிட்டு இருங்கோ, எனக்கு ஒரு தட்டில் மூடி வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் வாசித்தாய் என்றால் அதற்கு என் பதில் உனக்குத் தெரியும். கழுத்துத் துணியை மறக்காமல் கட்டிக்கொண்டு வா. அந்தோனியார் உன்னை வழித்துணையாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆண்டவர் உன் படிப்பையும் உன் கையையும் ஆசீர்வதிக்கட்டும். ரெயின் பிந்தினாலும் பரவாயில்லை, இருப்போம்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா மக்டலீன்
(அப்பா வின்சன்றும் பக்கத்தில் இருந்து அன்பு சொல்லச் சொல்கிறார்)