செவிட்டு ஈக்கு என் பெயர்

என் பெயரை ஓர் ஈக்கு வைத்த கணவனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

நம் நாட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கொண்டாட்ட நாள் உண்டு; அன்று என் பெயருக்குரிய நாள். நாம் இருவரும் வேலை செய்யும் ஆய்வகத்தில் பூங்கொத்து தருவாய் என்று நினைத்தேன். நீ பாலிங்கா சாராயக் கோப்பையைத் தூக்கி எல்லோரையும் கூப்பிட்டாய்.

"மரபணுவக் கண்டுபிடிச்சவன் நான், பேரு வைக்கிற உரிமையும் எனக்குத்தான். ஆண் ஈ இறக்கைய அதிரவச்சு எவ்வளவு பாடினாலும் அந்த மரபணு மாறின இந்தப் பொண்ணு ஈ திரும்பிக்கூடப் பாக்காது. சுத்தச் செவிடு, என் பொண்டாட்டி மாதிரியே. அதனால பேரு பிரோஸ்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். உன் மாணவி டால்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஈயின் காது அதன் உணர்கொம்பில் இருக்கிறது என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறாய். அந்த இடத்தை ஒருமுறையாவது அளந்து பார்த்தாயா? பாட்டுக்கு மயங்காவிட்டால் செவிடு என்று முடிவு கட்டிவிட்டாய். நேற்று நானே அங்கே ஊசி மின்முனையைச் செருகி, நீ பதிவு செய்த ஆண் ஈயின் பாட்டை ஒலிக்கவிட்டேன். ஒவ்வொரு துடிப்புக்கும் செவிச் செல்கள் பதில் சொல்லின. காதில் ஒரு குறையும் இல்லை. அது செவிடு என்று நீ எழுதிய ஆய்வுக் கட்டுரையை அப்படியே இதழுக்கு அனுப்பு. மறுபடி எல்லோரும் சிரிப்பார்கள், இந்த முறை உன்னைப் பார்த்து.

பால்கனியில் நின்று தணிந்த குரலில் டால்மாவோடு நீ பேசியதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

சாவி மேஜையில் இருக்கிறது. நான் டெப்ரெட்சென் நகருக்குப் போகும் ரயிலுக்குக் கிளம்புகிறேன். உனக்குப் பிடித்த மீன் சூப்பை இனி டால்மா வைக்கட்டும்.

பிரோஸ்காவுக்கு எல்லாம் கேட்கிறது. வரத்தான் மாட்டாள்.

இப்படிக்கு,
இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தவள்